எந்த வரி என்று அவனைக் கேள்

மலருக்கு,

உனக்குக் கவிச்சிகரம் என்று பட்டம் கொடுக்கப்போகிறவன் உன் கவிதையைப் படிக்கவில்லை. ஒரு வரிகூடப் படிக்கவில்லை. சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை, பாப்பா. நேற்று அவனோடு போனில் பேசிவிட்டுத்தான் எழுதுகிறேன். என்ன பேசினோம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் நீ கோபத்தில் மீதியைப் படிக்கமாட்டாய்.

உன் கல்யாண அழைப்பிதழின் புரூஃப் முந்தாநாள் அச்சகத்திலிருந்து வந்தது. மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் அவர் படிப்பு, உன் பெயருக்குப் பின்னால் உன் படிப்பு, எல்லாம் நான் எழுதிக் கொடுத்தபடியே இருந்தது. உன் பெயருக்கு முன்னால் மட்டும் நான் எழுதிக் கொடுக்காத ஒரு சொல். அச்சகத்துக்காரரிடம் கேட்டேன். "பொண்ணுதாங்க போன் பண்ணிச் சேக்கச் சொல்லிச்சு. தஞ்சாவூர்ல விருது தர்றாங்களாமே? கேக்கவே சந்தோஷமா இருந்துச்சுங்க" என்றார். அவர் முகத்தில் உண்மையாகவே சந்தோஷம் இருந்தது. நம் தெருப் பிள்ளைக்கு மேடையில் மரியாதை என்றால் யாருக்குத்தான் இருக்காது? அந்தச் சந்தோஷத்தை நம்பித்தான் இந்த விருதுத் தொழிலே நடக்கிறது.

உடனே உன்னைக் கூப்பிட்டேன். "தொகுப்புல என் கவிதை வருதும்மா. சால்வை, கேடயம், சான்றிதழ் எல்லாம் உண்டு. பதிவுக்கும் புத்தகத்துக்கும் மட்டும் நாம கட்டணும்" என்றாய். "நடுவர் யாருடி?" என்றேன். "அதுக்கெல்லாம் ஒரு குழு இருக்கும்மா." "தோத்தவங்க யாராச்சும் இருக்காங்களா?" நீ திருப்பிக் கேட்டாய்: "உனக்குப் பொறாமையாம்மா? நீ எழுதுனத யாரும் மதிக்கலேங்கிறதுக்காக எனக்கும் கெடைக்கக் கூடாதா?" வைத்துவிட்டாய்.

நறுக்கென்று கேட்டாய். நல்லதுதான், கேட்கத் தெரிந்த பிள்ளை ஏமாறாது என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ வேலை பார்க்கும் பள்ளியிலேயே இன்னும் இரண்டு டீச்சர்களுக்கு அதே விருது வாழ்த்துச் செய்தி வந்திருக்கிறது என்று சொன்னாய். அவர்களும் யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளைகள். அதனால் பத்திரிகைக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். உன் பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், சண்டைக்கு வராதே.

என்னை யாரும் மதிக்கவில்லை என்று யார் சொன்னது? எனக்கும் ஒருமுறை முதல் பரிசு கிடைத்திருக்கிறது. தஞ்சாவூரில், மேடையில், சால்வையோடு. அரை நிமிஷம் அந்தச் சால்வை என் தோளில் இருந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு நான் வீட்டில் இருந்த வருஷம் அது. எந்தச் சுவரைப் பார்த்தாலும் யாரோ ஒருவருக்கு ஒரு பட்டம் எழுதியிருந்த காலம். தலைவர் பிறந்தநாள் என்றால் கவியரங்கம். கூட்டம் சேரும்வரை கவிதை, தலைவர் வரும்வரை கவிதை. கவிதை சொல்லத் தெரிந்தவன் வட்டச் செயலாளர் ஆனான், வட்டச் செயலாளர் ஆனவனெல்லாம் கவிதை சொன்னான். இந்த ஆட்சிகள் எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். பள்ளிக்கூடம் வந்தது, பஸ் வந்தது, சத்துணவு வந்தது. அந்தச் சத்துணவுக் கூடத்தில் நான் வாங்கிய அமைப்பாளர் சம்பளத்தில்தான் நீ பி.எட். படித்தாய். ஆனால் எங்களுக்கு மேடையைக் கொடுத்தவர்கள் நிலத்தைக் கொடுக்கவில்லை. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது பண்ணையார்கள் நிலத்தைக் காப்பாற்ற அதைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பண்ணையில் மாடு மேய்த்தவர் பெயரிலும் சாணி அள்ளியவர் பெயரிலும் எழுதிவைத்தார்கள். நம் தெருவிலேயே ஒருவர், தன் பெயரில் இருந்த நிலத்தில் அது தன் பெயரில் இருப்பது தெரியாமலே கூலிக்கு வரப்பு அண்டை வெட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கேட்காமல் எங்கள் பெயரை எடுத்துப் பிழைப்பது இந்தச் சீமையில் பழைய தொழில். பத்திரிகைக்காரனும் விருதுக்காரனும் பிறகு வந்தவர்கள்.

உன் தாத்தா, அதாவது என் அப்பா, விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். அவர் தங்கை காமாட்சி அத்தை நடவுக் கூட்டத்துக்குத் தலைவி. வயலில் எத்தனை பெண்கள் இறங்குவது, எந்தக் கூலிக்கு இறங்குவது என்று அத்தை சொன்னால்தான் கால் சேற்றில் படும். எங்கள் வீட்டு மூலையில் சங்கத்தின் பிடியரிசிப் பானை இருந்தது. உலை வைக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து, வாரம் ஒருமுறை கொண்டுவந்து அதில் போடுவார்கள். கூலிக்காக வேலைநிறுத்தம் செய்யும் நாளில் அந்த அரிசிதான் தெருவுக்கே கஞ்சி. பானை நிறைந்திருந்தால் அப்பா பண்ணையாரிடம் பேசும் குரலே வேறு மாதிரி இருக்கும்.

நான் அப்போது ஒரு கவிதை எழுதினேன். களத்துமேட்டைப் பற்றி. அதில் ஒரு வரி: "களத்தைப் பெருக்கிக் கொடுத்தோம், துடைப்பத்தை மட்டும் எங்களிடம் விட்டார்கள்." நூலகத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு மாதப் பத்திரிகையில் கவிதைப் போட்டி அறிவித்திருந்தார்கள். அனுப்பினேன். பதினைந்து நாளில் பதில் வந்துவிட்டது. என் கவிதை இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகிவிட்டதாம். இனி வாசகர்கள்தான் முடிவு செய்வார்களாம். பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் ஒரு கூப்பன் இருக்கும், அதை வெட்டிப் பெயர் எழுதி அனுப்பினால் ஒரு ஓட்டு. கடிதத்தின் அடியில் சிவப்பு மையில் அச்சடித்திருந்தான்: "மக்களே நடுவர்."

அந்த இரண்டு சொல்லில்தான் நாங்கள் விழுந்தோம். நகரத்தில் இருப்பவர்கள் யாரும் இப்படி விழுந்திருக்கமாட்டார்கள். அப்பா கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னார். "மக்கள்தான் நடுவருங்கிறான். அப்ப இது நம்ம போட்டிதான். ஒத்துமையா நின்னா நம்மள யாரு தோக்கடிக்கிறது?" என்றார். கூலிக்கு நிற்பது போலவே கவிதைக்கும் நிற்க முடிவு செய்தது தெரு. கிளைக் கூட்டம் போட்டுத் தீர்மானம்கூட எழுதினார்கள். பத்திரிகையைக் கட்டுக் கட்டாக வாங்குவதற்குப் பிடியரிசிப் பானையிலிருந்து எடுத்து விற்றார்கள். காமாட்சி அத்தை அரிவாள்மணையில் கூப்பன் வெட்டினாள். படிக்கத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். "புள்ள என்னா எழுதியிருக்கு?" என்று யாரோ கேட்டதற்கு, "என்னா எழுதியிருந்தா என்ன, நம்ம புள்ள எழுதியிருக்கு" என்று அத்தை வாயை அடைத்தாள். யாரும் என் கவிதையைக் கேட்கவில்லை. நானும் படித்துக் காட்டவில்லை. அடுத்த மாதம் "நீங்கள் முன்னிலையில் இருக்கிறீர்கள், இன்னும் கொஞ்சம் ஓட்டுதான்" என்று கடிதம் வந்தது. அதற்கு அடுத்த மாதமும் வந்தது. ஓட்டுக் கேட்டு வருகிற எல்லோரும் சொல்வதுதானே, இன்னும் கொஞ்சம்தான் என்று. பானை அடி தெரியும் வரை நாங்கள் அதை நம்பினோம்.

பரிசு விழாவுக்குத் தெருவே கிளம்பியது. உர லாரி ஒன்றைப் பேசி, கழுவி, வைக்கோல் பரப்பி ஏறிக்கொண்டோம். புளிச்சோறு கட்டி எடுத்துக்கொண்டோம். தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபம். முன் வரிசை முழுக்க என் மாதிரியே புதுத் துணி கட்டிய பிள்ளைகள், பின்னால் அவரவர் ஊர். குத்தாலத்திலிருந்து ஒரு குடும்பம், ஒரத்தநாட்டிலிருந்து ஒரு வேன். பத்திரிகையின் ஆசிரியர் வெள்ளைச் சட்டையும் விபூதியுமாக மேடையில் நின்றார். மைக்கில் ஒரு பெயர் சொன்னார், முதல் பரிசு. கைதட்டினோம். இன்னொரு பெயர், அதுவும் முதல் பரிசு. எனக்குப் பக்கத்தில் இருந்த பையனுக்கும் முதல் பரிசு. காமாட்சி அத்தை எழுந்து நின்று பார்த்தாள். "ஏண்ணே, ரேஸ்ல எல்லா மாடும் மொதலா வந்துச்சுன்னா ஓடுன மாடு எது?" என்று அப்பாவைக் கேட்டாள். "சும்மா இரு காமாட்சி, மேடை மரியாதை" என்றார் அப்பா. அவருக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது. மனிதர் வேறெங்கும் அவ்வளவு சீக்கிரம் ஏமாறமாட்டார். மேடை என்றால் மட்டும் அவருக்குக் கண் தெரியாது.

என் பெயரைச் சொன்னார்கள். மேலே போனேன். ஆசிரியர் சால்வையைப் போர்த்தினார், போட்டோக்காரரின் விளக்கு மின்னியது. அவ்வளவுதான், அடுத்த பெயரைச் சொல்லிக்கொண்டே ஆசிரியர் கையை நீட்டி என் தோளிலிருந்து சால்வையை உருவினார். எல்லோருக்கும் அதே சால்வைதான். போட்டோவுக்கு மட்டும்தான் சால்வை. எனக்கு முன்னால் போன பிள்ளைகள் எல்லோரும் அதைப் பேசாமல் கொடுத்துவிட்டு இறங்கியிருந்தார்கள். கூட்டத்தில் யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை.

அப்பா எழுந்துவிட்டார். உனக்கு ஒன்று தெரிய வேண்டும். அப்பா வயசுப் பையனாக இருந்தபோது பண்ணையார் எதிரே வந்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும். எடுக்காதவர்கள் கட்டி வைத்து அடிபட்டார்கள். சங்கம் வந்த பிறகுதான் அந்தத் துண்டு தோளிலேயே தங்கியது. அப்பா தூங்கும்போதுகூடத் துண்டைத் தோளிலிருந்து எடுக்கமாட்டார், அம்மா அதற்காகச் சிரிப்பாள். அந்த மனிதருக்கு முன்னால் ஒருவன் அவர் மகள் தோளில் இருந்த துணியை உருவினான்.

"யோவ், கையை எடு" என்றார் அப்பா. மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்டது. "தோள்ல போட்டதக் கழட்டாத."

ஆசிரியர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "ஐயா, இது சம்பிரதாயத்துக்குங்க. நேரமாவுது, இன்னும் நெறைய பேரு இருக்காங்க. ஒக்காருங்க."

"ஒக்கார்றோம்" என்றாள் காமாட்சி அத்தை. சொன்னபடியே மேடைக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்தால் நடவுக் கூட்டம் மொத்தமும் உட்காரும். உட்கார்ந்தது. "ஏங்க, நாங்கள்லாம் படிக்கத் தெரியாதவங்க. இந்தப் புள்ள எழுதுனதுக்குத்தானே பரிசு குடுக்குறீங்க? அத வாசிச்சுக் காட்டுங்க. கேட்டுட்டுப் போயிடுறோம்."

"விழா முடிஞ்சதும் வாசிக்கலாம்மா."

"கூலி பேசாம களத்த விட்டு எந்திரிக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லீங்க. இப்பவே வாசிங்க. முழுசும் வேணாம். உங்களுக்குப் புடிச்ச வரி ஒண்ணு சொல்லுங்க, போதும்."

அந்த ஆள் கையில் இருந்த தாள்களைப் புரட்டினார். நான் பக்கத்திலேயே நின்றேன், எனக்குத் தெரிந்தது. அவற்றில் பெயர்கள் மட்டும்தான் இருந்தன, கவிதை எதுவும் இல்லை. "சமூக விழிப்புணர்வு... அருமையான நடை..." என்று ஆரம்பித்தார். குத்தாலத்துக் குடும்பத்திலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார்: "எங்க பையனோடதயும் வாசிங்க சார்." ஒரத்தநாட்டு வேனில் வந்தவர்களும் எழுந்தார்கள். ஆசிரியர் தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் பின்பக்கம் போனார். சமையற்கட்டுக் கதவு வழியாக அவரும் போட்டோக்காரரும் ஸ்கூட்டரில் ஏறிப் போனதை லாரி டிரைவர்தான் பார்த்தார். சால்வையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

சிலர் அழுதார்கள். அவமானத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை. அத்தை மட்டும் எழுந்திருக்கவே இல்லை. "மைக்கு இருக்குல்ல? கரண்டு இருக்குல்ல? அவன் போனா போறான். மொதப் பரிசு வாங்குனவங்க எல்லாம் வரிசையா வந்து அவங்கவங்க எழுதுனத வாசிங்க. இவ்வளவு தூரம் லாரில குலுங்கி வந்தது எதுக்கு?" என்றாள். நான்தான் முதலில் வாசித்தேன். துடைப்பம் வரி வந்தபோது தரையில் உட்கார்ந்திருந்த பெண்களிடமிருந்து ஒரு "ம்" வந்தது. கதை கேட்கும்போது கொட்டுகிற "ம்" இல்லை அது. கூலி பேசும்போது அப்பா சரியாக ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டால் வருகிற "ம்". அதன் பிறகு எத்தனையோ பேர் என் கவிதையைப் படித்துப் பாராட்டியிருக்கிறார்கள். அந்த "ம்" மாதிரி இன்னொன்று எனக்குக் கிடைத்ததில்லை. எல்லாப் பிள்ளைகளும் வாசித்தார்கள். பாதிக் கவிதைகள் படு மோசம். தலைவரைச் சூரியனாகவும் சந்திரனாகவும் ஆக்கியிருந்தார்கள். ஆனாலும் கேட்டோம். புளிச்சோற்றைப் பகிர்ந்துகொண்டோம். மண்டபத்துக்காரர் வந்து விளக்கை அணைக்கிறேன் என்று மிரட்டும்வரை நடந்தது எங்கள் கவியரங்கம்.

இதோடு முடித்துவிட்டால் நல்ல கதைதான். ஆனால் அந்த வருஷம் அறுவடைக் கூலிப் பேச்சு இழுத்தபோது பானை காலியாக இருந்தது. அப்பா சீக்கிரமே இறங்கி வந்தார். பண்ணையாரின் ஏஜெண்டு சொன்ன கூலிக்கே தெரு அறுக்கப் போனது. ஒரு கவிதைப் போட்டி எங்கள் ஊரின் கூலியைக் குறைத்தது, பாப்பா. "ஏமாந்தா காசு போகும், அனுபவம் வரும்" என்று சொல்வார்களே, அதெல்லாம் காசு இருக்கிறவர்கள் பேச்சு. நான் நோட்டை மூட்டை கட்டிப் பரணில் போட்டேன். இரண்டு மாதம் ஒரு வரி எழுதவில்லை. காமாட்சி அத்தைதான் வந்து கேட்டாள். "ஏண்டி, எழுதுறதில்லையாமே?" "என்னாலதானே அத்த கூலி போச்சு" என்றேன். "கூலிய அடுத்த வருசம் சண்ட போட்டு வாங்கிக்கலாம். நீ எழுதுறத நிறுத்துனா அத யாருகிட்டப் போயிக் கேக்குறது?" என்றாள். அடுத்த வருஷம் சண்டை போட்டு வாங்கவும் செய்தார்கள்.

அன்றைக்கு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் யார் தெரியுமா? ஜபருல்லா மாமா. திருத்துறைப்பூண்டியில் நீ சைக்கிள் வாங்கிய கடையின் முதலாளி. அன்றைக்கு அவர் வாசித்தது, சவூதிக்குப் போன அண்ணனுக்கு அவர்கள் அம்மா டேப் ரிக்கார்டரில் பேசிக் கேசட் அனுப்புவதைப் பற்றி. இறங்கி வந்ததும் என்னிடம் சொன்னார்: "தொடப்பம் நல்லாருக்கு. அதுக்கு அப்புறம் வர்ற பாரா வேணாம். அது உங்க பேச்சு இல்ல, மேடையில கேட்டது." எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு மாதம் கழித்து அந்தப் பாராவை வெட்டினேன். அன்றிலிருந்து இன்றுவரை நான் எழுதும் எல்லாவற்றையும் முதலில் படிப்பவர் அவர்தான், அவர் எழுதுவதைப் படிப்பவள் நான்தான். முன்பு போஸ்ட் கார்டு, இப்போது போன். உன் அப்பா கல்யாணமான புதிதில், "என்ன, உன் நடுவர் தீர்ப்பு வந்துடுச்சா?" என்று கிண்டல் செய்வார். மாமாவின் கடையில் காற்றடிக்கும் பம்ப்புக்கு மேலே ஒரு கண்ணாடிச் சட்டம் தொங்குமே, பார்த்திருப்பாய். அது விருது இல்லை. ஒரு நல்ல பத்திரிகை அவர் கவிதையைத் திருப்பி அனுப்பியபோது, "இரண்டாம் பாதி முதல் பாதியை நம்பவில்லை, மறுபடி எழுதுங்கள்" என்று இரண்டு வரி எழுதியிருந்தார்கள். அதைச் சட்டம் போட்டு மாட்டிவைத்திருக்கிறார். "நம்மள ஒருத்தன் முழுசாப் படிச்சிருக்கான்ங்கிறதுக்கு அத்தாட்சி வேற என்னா இருக்கு?" என்பார்.

நேர்மையான போட்டி இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. அங்கே தோற்றவர்கள் இருப்பார்கள். போன வருஷம் ஜெயித்தவரை நீ கூப்பிட்டுப் பேசலாம். நடுவருக்குப் பெயர் இருக்கும், அவர் எழுதிய புத்தகத்தை நூலகத்தில் எடுத்துப் படித்துவிட்டு, இவர் தீர்ப்பு எனக்கு வேண்டுமா என்று நீயே முடிவு செய்யலாம். அச்சாகும் தொகுப்பை, அதில் எழுதாதவர்களும் கடையில் வாங்குவார்கள். எழுதியவர்களே வாங்கி எழுதியவர்கள் வீட்டிலேயே கிடக்கிற புத்தகத்துக்குப் புத்தகம் என்று பெயர் இல்லை. கவிதை உன்னுடையதாகவே இருக்கும். நீ கவிதை அனுப்பிய வாட்ஸ்அப் குழுவின் விதிகளை மறுபடி எடுத்துப் பார், அனுப்பிய கணத்திலேயே உன் கவிதை அவர்கள் சொத்து என்று ஒரு வரி அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. "இன்று இரவுக்குள்" என்று அவசரப்படுத்தமாட்டார்கள், கவிதைக்கு அப்படி என்ன அவசரம்? பணம் போகும் திசையைப் பார். எழுதுகிற கையிலிருந்து எழுதாத கைக்குப் போனால், அது பண்ணைதான். பெயரை மாற்றி வைத்திருக்கிறார்கள்.

பட்டத்தின் மேல் நமக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று யோசித்திருக்கிறாயா? மாப்பிள்ளை வீட்டார் நம்மைவிட வசதி. அவர்கள் பக்கத்து அழைப்பிதழில் மாமா, சித்தப்பா என்று எல்லோர் பெயரிலும் ஏதாவது ஒன்று ஒட்டியிருக்கிறது. நம் பக்கம் வெறும் பெயர்கள். அந்த வெறுமை உன்னை உறுத்தியது. உறுத்தியது தப்பில்லை. என்னையும் உறுத்தியது. பெயர் சொல்லி 'டா', 'டி' போட்டுக் கூப்பிடப்பட்டவர்களின் பிள்ளைகள் நாம். ஆனால் நம் வீட்டில் பெயருக்கு முன்னால் எதுவும் இல்லாமல் செத்துப்போன ஒருவர், உன் தாத்தா, தெருவையே தோளில் துண்டைப் போடவைத்தார். அதைவிடப் பெரிய சால்வை உனக்கு விருது தரும் அந்த அறக்கட்டளைக்காரனிடம் இல்லை.

உன் கவிதையைப் படித்தேன். அந்த வாட்ஸ்அப் குழுவில் நீ போட்டதை உன் அப்பா போனில் காட்டினார். ரேஷன் கடை மிஷினில் காமாட்சி அத்தையின் விரல் ரேகை விழாத கதை. "நாற்று முடிச்சு பிரித்த விரலில் ரேகை இல்லை, இப்படி ஒரு ஆளே இல்லை என்கிறது மிஷின். நாற்றங்காலைக் கேளுங்கள், அதில் பதிந்திருக்கிறது." இதைப் படித்துவிட்டு நான் அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன். என்னால் இப்படி ஒரு வரி எழுத முடிந்ததில்லை. இது பொறாமை என்றால், ஆமாம், பொறாமைதான். கடைசி நான்கு வரி மட்டும் வேண்டாம், "விடியல் வரும்" என்று முடிகிறதே, அது. விடியலை நீ பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தாய். விரலோடு நிறுத்து. மாமாவிடம் அனுப்பினேன். "கடைசி நாலு வரியத் தூக்கச் சொல்லுங்க, மீதிய யாரும் தொடக்கூடாது" என்று அவரும் சொல்லிவிட்டார்.

இப்போது நேற்றைய போன். உனக்கு வந்த வாழ்த்துச் செய்தியில் இருந்த நம்பருக்குப் பேசினேன். "வணக்கம்மா, சொல்லுங்க" என்றான். தேன் ஒழுகும் குரல். "எம் பொண்ணு மலர்விழிக்கு விருது தர்றீங்களே, அவங்க அம்மா பேசுறேன்" என்றேன். "ஆஹா, வாழ்த்துகள்மா! ரொம்ப அற்புதமான கவிதைம்மா. நடுவர் குழுவே எழுந்து நின்னு கைதட்டுச்சு." "எதப் பத்திங்க அந்தக் கவிதை?" "அதான்மா... பெண்மை... தாய்மை... தாயோட தியாகத்த அப்படியே கண்ணு முன்னாடி..." "அதுல எந்த வரிங்க உங்களுக்குப் புடிச்சுது?" "எல்லா வரியுமேதாம்மா. விழாவுல விரிவாப் பேசுவோம். பதிவுத் தொகைய மட்டும் இன்னிக்கே போட்டுடுங்க, எடம் கொஞ்சந்தான் இருக்கு." "ஒரே ஒரு வரி சொல்லுங்க, இப்பவே போட்டுடுறேன்." போனை வைத்துவிட்டான்.

அழைப்பிதழ் புரூஃபில் அந்தச் சொல்லை நான் அடிக்கவில்லை. அடிக்கவும் மாட்டேன். உன் பெயர் அது, பேனா உன் கையில். அச்சகத்துக்காரர் திங்கள்கிழமை வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். நீ ஞாயிற்றுக்கிழமை வா. காமாட்சி அத்தை தன்னைப் பற்றி நீ எழுதியது தெரிந்து துடித்துக்கொண்டிருக்கிறாள். "என்னப் பத்தி எழுதிட்டு எனக்கே சொல்லாம ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கா பாரு, வரட்டும் அவ" என்கிறாள். ஜபருல்லா மாமாவும் கடையைப் பூட்டிவிட்டு வருகிறாராம். நடவுக் கூட்டத்தில் மிச்சமிருப்பவர்களையும் கூப்பிட்டிருக்கிறேன். மைக் கிடையாது, சால்வை கிடையாது. நீ வாசி. அந்த வரி வரும்போது ஒரு "ம்" வருகிறதா என்று கேள். வரும். எனக்குச் சந்தேகமே இல்லை. அதைக் கேட்ட பிறகும் அந்தச் சொல் உன் பெயருக்கு முன்னால் வேண்டும் என்று தோன்றினால், போட்டுக்கொள். நான் வாயைத் திறக்கமாட்டேன்.

போனை வைத்தவனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: "என் மகளின் கவிதையில் உங்களுக்குப் பிடித்த ஒரு வரியை எழுதி அனுப்புங்கள்." படித்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. இன்று காலை மறுபடி கேட்டேன். இரண்டு நீலக் குறி. இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் இன்னொரு முறை கேட்டிருக்கிறேன். மண்டபத்துத் தரையில் உட்கார்ந்து அத்தை கேட்ட அதே கேள்விதான்.

சொல்லுங்க சார், எந்த வரி?